ரத்தம் சிந்தாமல் கிடைத்த ஜெருசலேம்... இரு தரப்பும் ஏன் கொதித்தன? சிலுவைப் போர்களின் சொல்லப்படாத பக்கம்

1229-ம் ஆண்டு மே 1. இன்றைய இஸ்ரேலின் வட கடற்கரையில் இருக்கும் ஆக்கர் துறைமுக நகரம். பொழுது விடிகிற நேரம். யார் கண்ணிலும் படாமல் கப்பல் ஏறிவிடலாம் என்று கறிக்கடைத் தெரு வழியாக ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார். கடைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். கையில் கிடைத்த குடலையும் இறைச்சித் துண்டுகளையும் எடுத்து அவர் மேல் வீசத் தொடங்கினார்கள்.

வாங்கிக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனிக்கும் சிசிலிக்கும் அரசரான பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக். வீசியவர்களும் எதிரிகள் இல்லை, சொந்த மதத்துக்காரர்கள்தான். அப்படி என்ன குற்றம் செய்தார்? 41 ஆண்டுகளுக்கு முன்பு முஸ்லிம்களிடம் இழந்த ஜெருசலேமை, ஒரு சண்டைகூடப் போடாமல், எகிப்து சுல்தானுடன் பேசியே திரும்ப வாங்கியிருந்தார்.

சரி, விட்டுக்கொடுத்த சுல்தானுக்காவது நல்ல பெயர் கிடைத்ததா? அதுவும் இல்லை. அதே ஆண்டு டமாஸ்கஸின் பெரிய பள்ளிவாசலில் கூடியிருந்த மக்கள் அவர் செய்த காரியத்தைக் கேட்டு அழுதார்கள்.

சிலுவைப் போர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது குதிரை, கவசம், சிவப்புச் சிலுவை, வாள். 'கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் 200 ஆண்டுகள் அடித்துக்கொண்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அந்த ஒரு வரிக்குள் இந்த 1229-ஐ எங்கே வைப்பது?

'யார் சார் முதல்ல ஆரம்பிச்சது?'

இந்தப் பாடத்தைத் தொடங்கினால் எந்த வகுப்பிலும் முதலில் எழுகிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பிரிட்டனில் பிளஸ் டூ நிலையில் வரலாறு எடுப்பவர்கள் சிலுவைப் போர்களைத் தனிப் பாடமாகவே படிக்கலாம். அங்கே நேரடியாகப் பதில் சொல்வதில்லை. ஒரே சம்பவத்தைப் பற்றி ரெண்டு மூணு பேர் எழுதிய குறிப்புகளைக் கையில் கொடுத்து, யார் எழுதினது, எப்போ எழுதினது, யார் படிக்கணும்னு எழுதினது என்று கேட்பார்கள். இந்த மூணு கேள்வியை நாமும் வைத்துக்கொள்வோம். நிறைய விஷயம் இதிலேயே உடைந்துவிடும்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1071-ல் மான்சிகெர்ட் போரில் பைசாண்டியப் பேரரசு செல்ஜுக் துருக்கியர்களிடம் தோற்றது. இன்றைய துருக்கியின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. பேரரசர் அலெக்ஸியோஸ், மேற்கு ஐரோப்பாவிடம் உதவி கேட்டார். அவர் எதிர்பார்த்தது சம்பளத்துக்குச் சண்டை போடும் சில ஆயிரம் தேர்ந்த வீரர்களை. போப் இரண்டாம் அர்பன், 1095 நவம்பரில் பிரான்ஸின் கிளெர்மோன் நகரில் பேசிய பேச்சுக்குப் பிறகு, பிரபுக்கள், விவசாயிகள், பெண்கள், குழந்தைகள் என ஒரு ஜனக்கூட்டமே கிழக்கு நோக்கிக் கிளம்பியது.

போப் அப்படி என்ன பேசினார்? யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தப் பேச்சுக்கு நமக்குக் கிடைக்கும் முக்கியமான நாலு வடிவங்கள் நாலு மாதிரி இருக்கின்றன. எல்லாமே ஜெருசலேம் கைப்பற்றப்பட்ட செய்தி வந்தபிறகு எழுதப்பட்டவை. ஒன்றில் ஜெருசலேம் என்ற பெயரே வரவில்லை.

கிளம்பியவர்கள் தங்கள் பயணத்துக்கு 'சிலுவைப் போர்' என்று பெயர் வைத்துக்கொள்ளவும் இல்லை. அது அவர்களுக்கு ஒரு புனித யாத்திரை, ஆயுதம் தாங்கிய யாத்திரை. பாவம் தீரும் என்ற நம்பிக்கைதான் பலரை இழுத்துக்கொண்டு போனது. 'நிலத்துக்காகப் போனார்கள், கொள்ளைக்காகப் போனார்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், சொத்தை அடமானம் வைத்துப் போனவர்கள் ஏராளம். எருசலேமைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களே அதிகம். நம்பிக்கையைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போட முடியாது.

எதிர்த்தரப்பு இவர்களை 'ஃபிரஞ்ச்' என்றது. ஃபிராங்கு இனத்தவர் என்று பொருள். அரபியிலும் பாரசீகத்திலும் புழங்கிய அந்தச் சொல்தான் பல நூற்றாண்டுகள் கழித்துப் போர்ச்சுக்கீசியர் காலத்தில் நம்மிடம் வந்து 'பரங்கி' ஆனது. பரங்கிமலை, பரங்கிக்காய் எல்லாம் அந்த வழி வந்தவைதான்!

இந்தக் கூட்டத்தின் வாளுக்கு முதலில் பலியானவர்கள் முஸ்லிம்கள்கூட இல்லை. 1096-ல் ஜெர்மனியின் ரைன் நதிக்கரை நகரங்களான வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகியவற்றில் வாழ்ந்த யூதர்கள். பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

1099: முழங்கால் அளவு ரத்தம்?

1099 ஜூலை 15 அன்று சிலுவைப் படை ஜெருசலேமுக்குள் புகுந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. துருக்கியர்களிடமிருந்து நகரத்தை மீட்கத்தான் மூணு ஆண்டுகள் நடந்து வந்தார்கள். வந்து சேர்ந்தபோது அங்கே துருக்கியர்களே இல்லை. முந்தைய ஆண்டுதான் எகிப்தின் ஷியா ஃபாத்திமிய அரசு அவர்களை அடித்து விரட்டிவிட்டு நகரத்தைப் பிடித்திருந்தது. வழியில் இதே ஃபாத்திமியர்களோடு சிலுவைப் படைத் தலைவர்கள் தூதர்கள் வைத்துப் பேச்சுவார்த்தைகூட நடத்தியிருக்கிறார்கள். 'எல்லா முஸ்லிம்களும் ஒரு பக்கம்' என்பது அப்போதே உண்மை இல்லை.

உள்ளே நடந்தது படுகொலை. அதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு பேர்? படையோடு வந்த பாதிரியார் ரேமோன், ரத்தம் முழங்கால் வரையும் குதிரையின் கடிவாளம் வரையும் ஓடியது என்று எழுதினார். இந்த வர்ணனை பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் இறுதித் தீர்ப்புக் காட்சியிலிருந்து எடுத்தது. அவர் பெருமையாக எழுதுகிறார். கடவுளின் தீர்ப்பு நிறைவேறிவிட்டது என்று ஊருக்குச் சொல்கிறார். இன்னொரு பக்கம், அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர், அல் அக்ஸாவில் மட்டும் 70,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக எழுதினார். அவர் பிறந்ததே 1160-ல்தான். முஸ்லிம் ஆட்சியாளர்களை உசுப்பிவிட வேண்டிய தேவை அவர் காலத்தில் இருந்தது. ஆக, கொன்றவர்கள் பெருமைக்காகவும், பறிகொடுத்தவர்கள் கோபத்துக்காகவும் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜெருசலேமில் தங்கிப் படித்த அறிஞர் இப்னு அல் அரபி சொன்ன எண்ணிக்கை 3,000.

இதைவிட மனதைத் தொடுகிற சாட்சி ஒன்று கெய்ரோவின் பழைய யூத வழிபாட்டுக்கூடத்தின் காகிதக் குவியலில் கிடைத்தது. 1100-ம் ஆண்டுவாக்கில் அஸ்கலோன் நகர யூதப் பெரியவர்கள் எழுதிய கடிதம் அது. பிடிபட்டவர்களை மீட்கப் பணம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கொள்ளை போன நூற்றுக்கணக்கான வேத நூல்களையும் விலை கொடுத்து மீட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை எழுதியவர்களுக்கு யாரையும் பெருமைப்படுத்தும் தேவையோ போருக்குக் கிளப்பும் தேவையோ இல்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது, அவ்வளவுதான். ஊரில் எல்லோருமே கொல்லப்படவில்லை என்பது இதிலிருந்துதான் தெளிவாகத் தெரிகிறது.

சண்டை ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம்

வந்தவர்கள் அங்கேயே நாலு சிறிய அரசுகளை அமைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆனபிறகு தினமும் வாளை உருவிக்கொண்டிருக்க முடியுமா?

சிரியாவின் ஷைசார் கோட்டையைச் சேர்ந்த பிரபு உஸாமா இப்னு முன்கித் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவம் வருகிறது. ஜெருசலேமில் டெம்ப்ளர் எனப்படும் துறவி வீரர்கள் அவருக்கு நண்பர்கள். அல் அக்ஸாவைத் தலைமையகமாக வைத்திருந்த அவர்கள், உஸாமா வந்தால் தொழுவதற்குப் பக்கத்தில் ஒரு சிறிய இடத்தை ஒதுக்கித் தருவார்கள். ஒருநாள் அவர் தொழும்போது, ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த ஒருவன் அவரைப் பிடித்துக் கிழக்கே திருப்பி, 'இப்படித்தான் கும்பிடணும்' என்றான். டெம்ப்ளர்கள் ஓடிவந்து அவனை இழுத்துப்போனார்கள். 'ஊருக்குப் புதுசு, மன்னிச்சிடுங்க' என்கிற தொனியில் உஸாமாவிடம் வருத்தமும் தெரிவித்தார்கள். இதே உஸாமா ஃபிராங்குகளை வாய்க்கு வாய் சபிப்பவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1184-ல் ஸ்பெயினிலிருந்து வந்த பயணி இப்னு ஜுபைருக்கும் இது புரியவில்லை. அங்கே சலாவுதீனின் படை ஒரு கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே டமாஸ்கஸிலிருந்து ஆக்கருக்கு வணிகர்களின் ஒட்டகங்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஃபிராங்குகளின் கீழ் இருக்கும் முஸ்லிம் விவசாயிகள் வசதியாக இருப்பதைப் பார்த்து அவர் கவலைப்படுகிறார்!

1187: கருணையா, கணக்கா?

1187 ஜூலை 4 அன்று ஹத்தீன் என்ற இடத்தில் சிலுவை அரசுகளின் படை தண்ணீரில்லாமல் தவித்து அழிந்தது. அக்டோபர் 2 அன்று ஜெருசலேம் சலாவுதீனிடம் சரணடைந்தது. 1099 போலப் படுகொலை நடக்கவில்லை. 'கிங்டம் ஆஃப் ஹெவன்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். (படத்தில் இரும்பு அடிக்கும் கொல்லராக வரும் பாலியன், நிஜத்தில் ஒரு முன்னாள் ராணியை மணந்த பெரிய பிரபு.)

ஆனால், படத்தில் பேரம் பெரிதாகத் தெரியாது. சலாவுதீன் முதலில் 1099-க்குப் பழி வாங்குவதாகத்தான் இருந்தார். 'நகரத்தில் இருக்கும் முஸ்லிம் கைதிகளைக் கொன்றுவிட்டு, பாறைக் குவிமாடத்தையும் இடித்துவிட்டுத்தான் சாவோம்' என்று பாலியன் மிரட்டியபிறகே பேச்சு மாறியது. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1 என்று மீட்புத்தொகை முடிவானது. கட்ட 40 நாள் அவகாசம். ஏழைகளில் சுமார் 7,000 பேருக்காக மொத்தமாக 30,000 தினார் கட்டப்பட்டது. சலாவுதீனின் தம்பி அல் ஆதில் ஆயிரம் பேரைத் தன் பங்காகக் கேட்டு வாங்கி விடுதலை செய்தார். கிறிஸ்தவத் தலைமைப் பேராயரோ தன் 10 தினாரைக் கட்டிவிட்டு, தேவாலயச் செல்வங்களோடு கிளம்பினார். பணமில்லாத பல ஆயிரம் பேர் அடிமைகளாகப் போனார்கள்.

சலாவுதீனின் பெருந்தன்மை பொய் இல்லை. அதே மனிதர் ஹத்தீனில் பிடிபட்ட டெம்ப்ளர்களையும் அவர்களைப் போன்ற இன்னொரு துறவி வீரர் அமைப்பினரையும் வரிசையாக வெட்டச் சொன்னதும் பொய் இல்லை. நாலு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் ஆக்கரில் சுமார் 2,700 கைதிகளைக் கொன்றார். கொன்ற ரெண்டே மாதத்தில், தன் தங்கை ஜோனை அல் ஆதிலுக்குக் கட்டிக்கொடுத்து இருவரையும் ஜெருசலேமில் உட்காரவைக்கலாமே என்று யோசனை சொல்லி அனுப்பினார். சலாவுதீனின் படைக் காஜி பஹாவுதீன் இதைப் பதிவு செய்திருக்கிறார். கல்யாணம் நடக்கவில்லை. 1192-ல் ஒப்பந்தம் நடந்தது. ஜெருசலேம் முஸ்லிம்களிடம், கடற்கரை கிறிஸ்தவர்களிடம், யாத்ரீகர்கள் ஆயுதமின்றி வந்துபோகலாம். சினிமாக்கள் எவ்வளவு காட்டினாலும், சலாவுதீனும் ரிச்சர்டும் நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

அடுத்த சிலுவைப் படை ஜெருசலேம் பக்கமே போகவில்லை. வெனிஸ் நகரத்திடம் கப்பல்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தின் கடனைக் கட்ட முடியாமல், சுற்றிச் சுற்றி, 1204 ஏப்ரலில் உலகின் மிகப்பெரிய கிறிஸ்தவ நகரங்களில் ஒன்றான கான்ஸ்டான்டினோபிளைச் சூறையாடியது. உதவி கேட்டு முதல் கடிதம் போன அதே நகரம்! அங்கிருந்து தூக்கிவந்த வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸில் இருக்கின்றன. 2001-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஏதென்ஸுக்குப் போனபோது இந்தச் சூறையாடலுக்காக வருத்தம் தெரிவித்தார்.

பேசியே வாங்கிய நகரம்

இப்போது ஃபிரெட்ரிக்கிடம் வருவோம். சிசிலியில் வளர்ந்தவர். அரபு அறிஞர்களோடு பழக்கம் உள்ளவர். அவர் படையிலேயே முஸ்லிம் வீரர்கள் உண்டு. சிலுவைப் போருக்குப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததால், 1227-ல் போப் ஒன்பதாம் கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். விலக்கப்பட்ட நிலையிலேயே 1228-ல் கிளம்பினார். போப்புக்கு இன்னும் கோபம். ஃபிரெட்ரிக் புனித பூமியில் இருக்கும்போதே போப்பின் படை இத்தாலியில் அவருடைய நிலத்துக்குள் புகுந்தது. சிலுவைப் போருக்குப் போனவரின் வீட்டை போப்பே தாக்குகிறார்!

எதிரில் எகிப்து சுல்தான் அல் காமில், அல் ஆதிலின் மகன். அவருக்கும் சொந்தக்காரர்களால்தான் தலைவலி. டமாஸ்கஸை ஆண்ட தம்பியைச் சமாளிக்கவே ஃபிரெட்ரிக்கை அவர் முதலில் அழைத்திருந்தார். தம்பி இறந்துவிட்டார். இப்போது தம்பி மகன் அல் நாஸிர் தாவூதோடு தகராறு. அல் காமிலுக்கு ஜெருசலேமைப் பேரம் பேசுவது புதிதும் இல்லை. முந்தைய சிலுவைப் போரில் எகிப்தை விட்டு வெளியேறினால் ஜெருசலேமைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். போப்பின் பிரதிநிதி வேண்டாம் என்று சொல்லி, 1221-ல் நைல் வெள்ளத்தில் படையோடு மாட்டிக்கொண்டார்.

ரெண்டு பேருக்கும் ஊரில் வேலை இருந்தது. ரெண்டு பேருக்கும் சண்டை போட நேரமில்லை. மாதக்கணக்கில் தூதர்கள் நடந்தார்கள். 1229 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம். ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் ஆகியவை கிறிஸ்தவர்களுக்கு. பாறைக் குவிமாடமும் அல் அக்ஸாவும் இருக்கும் வளாகம் முஸ்லிம்களின் பொறுப்பிலேயே தொடரும். பத்து ஆண்டுகளுக்கு மேல் போர்நிறுத்தம்.

அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்த ஒரு கதை. ஃபிரெட்ரிக் ஜெருசலேமில் தங்கிய இரவு, அவர் மனம் கோணக்கூடாது என்று நாப்ளஸ் காஜி மோதினார்களைப் பாங்கு சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார். காலையில் பேரரசர் காரணம் கேட்டாராம். 'உங்களுக்காகத்தான்' என்று காஜி சொல்ல, 'நான் இங்கே தங்கியதே ராத்திரியில் பாங்கு கேட்கத்தானே' என்றாராம்.

மார்ச் 18 அன்று புனிதக் கல்லறைத் தேவாலயத்தில் ஃபிரெட்ரிக் கிரீடத்தோடு நின்றார். மறுநாளே நகரத்தில் வழிபாடு நடக்கக்கூடாது என்று தலைமைப் பேராயர் ஜெரால்ட் தடை போட்டார். இயேசுவின் கல்லறை கையில் வந்த மறுநாள், அங்கே பூசை நடத்தத் தடை! விலக்கப்பட்டவர் வாங்கிய வெற்றி வெற்றியே இல்லை என்பது ஒரு வாதம். டெம்ப்ளர்களுக்குத் தங்கள் பழைய தலைமையகம் அல் அக்ஸா கிடைக்கவில்லை என்ற ஆத்திரம். பேராயரின் பழைய சொத்துகளும் திரும்பவில்லை. மதத்தின் பெயரில் வந்த கோபத்தைக் கொஞ்சம் சுரண்டினால் சொத்து, பதவி, உள்ளூர் அரசியல் வெளியே வருகிறது.

டமாஸ்கஸிலும் இதே கதைதான். பள்ளிவாசலில் உருக்கமாகப் பேசி மக்களை அழவைத்த அறிஞர் சிப்த் இப்னு அல் ஜவ்ஸி, தன்னைப் பேசச் சொன்னவர் அல் நாஸிர் தாவூத் என்று தானே எழுதியிருக்கிறார். அப்போது டமாஸ்கஸை அல் காமிலின் அணி முற்றுகையிட்டிருந்தது. மக்களின் கண்ணீர் நிஜம். அதை வரவழைத்தவருக்கு ஒரு கணக்கும் இருந்தது.

அந்த தாவூத் பின்னாளில் என்ன செய்தார் தெரியுமா? 1244-ல், எகிப்துக்கு எதிராகக் கூட்டணி சேர்வதற்காக, அல் காமில் கொடுக்க மறுத்த அந்தப் புனித வளாகத்தையும் சேர்த்து ஃபிராங்குகளுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். டெம்ப்ளர்களும் டமாஸ்கஸ் படையும் ஒரே அணியில் நின்று எகிப்தோடு மோதித் தோற்றார்கள். அதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதம், எகிப்தின் கூட்டாளிகளான குவாரஸ்மியர்கள் ஜெருசலேமைச் சூறையாடிவிட்டார்கள். 1291-ல் ஆக்கரும் விழுந்தது.

செத்தும் சாகாத போர்

அரபியில் இன்று 'சிலுவைப் போர்கள்' என்று சொல்லப்படும் தொடர் 19-ம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஐரோப்பிய வல்லரசுகள் அந்தப் பக்கம் கால்பதித்த நேரம் அது. 1898-ல் ஜெர்மனியின் கைஸர் இரண்டாம் வில்ஹெல்ம் டமாஸ்கஸில் சலாவுதீன் கல்லறைக்குப் போய் மாலை வைத்தார். அந்த வெண்கல மாலையை முதல் உலகப்போரின் முடிவில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' எடுத்துப்போய்விட்டார். இப்போது லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1917 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி ஜெருசலேமுக்குள் நுழைந்தார். 'கடைசி சிலுவைப் போர்' என்று தலைப்பிட்டு, ரிச்சர்ட் நகரத்தைப் பார்த்து நிற்பதுபோல லண்டனின் 'பஞ்ச்' இதழ் கார்ட்டூன் போட்டது. அப்படியெல்லாம் ஒப்பிட்டு எழுதாதீர்கள் என்று பிரிட்டிஷ் அரசு பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. காரணம் நம் பக்கம் இருந்தது. அந்த அரசின் கீழ் கோடிக்கணக்கான இந்திய முஸ்லிம்கள் இருந்தார்கள், படையிலும் இருந்தார்கள். நகரத்தைப் பிடித்ததும் ஆலன்பி, பாறைக் குவிமாடம் இருக்கும் வளாகத்தை முஸ்லிம்களின் பொறுப்பிலேயே விட்டு, அதைச் சுற்றி இந்திய முஸ்லிம் வீரர்களைக் காவலுக்கு நிறுத்தினார். நகரம் ஒருவரிடம், வளாகம் இன்னொருவரிடம். 1229 பிப்ரவரியில் எழுதிய அதே ஏற்பாடு.